பிடியரிசியில் படித்த பிள்ளை

நெய்வேலித் தோழர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். பள்ளிகள் திறக்கும் சூன் மாதம். மந்தாரக்குப்பத்தில் பேருந்துக்காக ஒரு தாய் நிற்கிறாள். ஒரு கையில் துணி மூட்டை. மறு கையில் பத்து வயதுப் பையன். கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான். முந்திரிக்கொட்டை உடைத்துக் கிடைக்கும் கூலி மூன்று வயிற்றுக்குக் காணவில்லை. எங்கோ ஓர் இல்லத்தில் சோறு போட்டுப் படிக்கவும் வைக்கிறார்களாம். அங்கே விட்டுவரப் புறப்பட்டுவிட்டாள். பையன் பேருந்து வரும் திசையைப் பார்க்கவில்லை. பெற்றவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அவன் அநாதையா? பெற்றவள் உயிரோடு பக்கத்தில் நிற்கிறாளே! அவளுக்குப் பிள்ளைமேல் அன்பு இல்லையா? முந்தாணையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாளே! அன்புக்குக் குறைவில்லை, அரிசிக்குத்தான் குறைவு. தாயுள்ள பிள்ளை அநாதை இல்லத்துக்குப் போகிறான். இதைத் தலைவிதி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட நம்மால் முடியவில்லை. வறுமை மனிதன் உண்டாக்கியது. மனிதனால் ஒழிக்கக் கூடியது.

இந்த உண்மையைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளாமல், வாழ்ந்து தெரிந்துகொண்ட ஒருவரை நாம் இன்று நினைத்துப் பார்க்க விரும்புகிறோம். அவர்தான் காமராசர். அவருடைய சிறைவாசத்தைச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்சித் திறத்தைச் சொல்லியிருக்கிறார்கள். பதவியைத் துறந்த பெருமையையும் சொல்லியிருக்கிறார்கள். நாம் அந்த வாழ்க்கையைச் சிவகாமி அம்மையாரின் வீட்டு வாசலில் நின்று சொல்லப் போகிறோம். மந்தாரக்குப்பத்தில் நிற்கும் அந்தத் தாய்க்கும் அந்த வாசலுக்கும் தொலைவு அதிகமில்லை.

விருதுபட்டி வீடு

இன்று விருதுநகர் என்று வழங்கும் ஊருக்கு அன்று விருதுபட்டி என்று பெயர். 1903 சூலை 15-ஆம் நாள் அங்கே குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று அழைத்தார்கள். தாய் ராசா என்று கொஞ்சினாள். இரண்டும் சேர்ந்து காமராசா ஆயிற்று. பின்னால் நாகம்மாள் என்று ஒரு தங்கையும் பிறந்தாள். தந்தைக்குத் தேங்காய் வியாபாரம். பெரிய செல்வமில்லை என்றாலும் அடுப்பு அணையாத வீடு.

பையனுக்கு ஆறு வயதாகும்போது தந்தை இறந்துபோனார். ஒரே நாளில் வீடு தலைகீழாயிற்று. இளம் வயதில் தாலியிழந்த பெண், படிப்பில்லை, வெளியே போய்ச் சம்பாதிக்க அந்தக் காலத்துச் சமூகம் வழிவிடவில்லை. இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள். அம்மையார் நகைகளை விற்றார். அந்தப் பணத்தைக் கொண்டு வீட்டை ஓட்டினார்.

இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். அதே காலத்தில், அதே நிலையில், எத்தனையோ தாய்மார் பிள்ளைகளைப் பண்ணையில் விட்டார்கள், கடையில் விட்டார்கள், ஊர் தெரியாத ஊருக்கு அனுப்பினார்கள். சிவகாமியின் பிள்ளை மட்டும் தாயின் மடியில் தங்கியது எப்படி?

மூன்று கைகள் தாங்கின. ஒன்று, பாட்டி பார்வதி அம்மையாரின் கை. இரண்டு, தாய்மாமன் கருப்பையா நாடாரின் கை. மூன்றாவது, ஊரின் கை.

ஊரின் கை என்று எதைச் சொல்கிறோம்? சிறுவன் படித்த பள்ளியின் பெயர் க்ஷத்திரிய வித்தியாசாலை. அது அரசாங்கம் கட்டிய பள்ளியன்று. ஊரார் நடத்திய பள்ளி. வீட்டுக்கு வீடு உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். அதைத் திரட்டி விற்று வந்த பணமும் சேர்ந்துதான் பள்ளியை நடத்தியது. பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடையாது. அடுத்த வீட்டுப் பானையிலிருந்து ஒதுக்கிய ஒரு பிடி அரிசி, தகப்பனில்லாத பிள்ளையைப் பள்ளியில் உட்கார வைத்தது. ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆயிரம் பிடி சேர்ந்ததால் ஒரு பள்ளி நிமிர்ந்தது.

ஆனாலும் மூன்று கைகளும் சேர்ந்தும் முழுதாகத் தாங்க முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஏறக்குறையப் பன்னிரண்டு வயதில் சிறுவன் மாமனின் துணிக்கடையில் வேலைக்கு நின்றான். பிறகு, அரசியல் கூட்டங்களைச் சுற்றித் திரிகிறானே என்ற கவலையால், திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். தாய் விருதுபட்டியில், மகன் மலைக்கு அப்பால். உறவு அவனைத் தெருவில் விடவில்லை. ஆனால் பள்ளியிலும் வைத்திருக்க முடியவில்லை. ஏழை உறவின் பலம் அவ்வளவுதான். அதற்கு மேல் தாங்க அரசு என்ற நாலாவது கை வேண்டும். அன்றைய அரசு வெள்ளைக்காரன் அரசு. அந்தக் கை நீளவில்லை.

தானே ஏற்ற பிரிவு

1919-இல் அமிர்தசரசில் ஜாலியன் வாலாபாக் படுகொலை நடந்தது. நாடு கொதித்தது. அந்தக் கொதிப்பில் காமராசரும் பொதுவாழ்வில் குதித்தார். திருவனந்தபுரம் அவரைப் பிடித்து வைக்கவில்லை. 1930-இல் வேதாரணியம் உப்புப் போராட்டத்தையொட்டிச் சிறைப்பட்டு அலிப்பூர் சிறைக்குப் போனார். வளர்த்த பாட்டி நோயில் கிடக்கிறாள், பரோலில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று வீட்டார் சொல்லியனுப்பினார்கள். சலுகை கேட்டு வெளியே வர அவர் இசையவில்லை. மறு ஆண்டு காந்தி இர்வின் உடன்பாட்டுக்குப் பிறகுதான் வெளியே வந்தார். மொத்தத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர் வாழ்வில் சிறைக்கே போயின. மணம் செய்துகொள்ளவில்லை. 1940-இல் தமிழ்நாடு காங்கிரசுத் தலைவரானார்.

வறுமை முழுதாகப் பிரிக்க முடியாத மகனை நாடு பிரித்துக்கொண்டது. முதலமைச்சரான பிறகும் தாயைச் சென்னைக்கு அழைத்துக்கொள்ளவில்லை. மாதச் செலவுக்குச் சிறு தொகை அனுப்பி வந்தார். அம்மையார் விருதுநகர் வீட்டிலேயே இருந்து 1969-இல் கண்ணை மூடினார். மகன் கட்சிக்கும் நாட்டுக்கும் பெருமையாக இருந்தான். தாய்க்கு வாசலில் வந்து நிற்கும் மகனாக இருந்த நாட்கள் குறைவு. இதை நாம் புகழவும் வரவில்லை; பழிக்கவும் வரவில்லை. கொள்கைக்காக ஒருவன் தானே ஏற்றுக்கொள்ளும் பிரிவு ஒன்று உண்டு. பசி வந்து பிடுங்கி எறியும் பிரிவு ஒன்று உண்டு. முன்னதை ஏற்றவர் பின்னதை மற்றவர்க்கு வரவிடாமல் தடுக்கப் பாடுபட்டார். அதுதான் அவருடைய ஆட்சியின் கதை.

அடுப்பு மூட்டிய ஆட்சி

1954 ஏப்ரல் 13-இல் காமராசர் முதலமைச்சரானார். பாதி நாள் பள்ளி, மீதி நாள் தகப்பன் தொழில் என்று முந்தைய ஆட்சி கொண்டுவந்து, நாடே எதிர்த்த திட்டத்தை நீக்கினார். மூடிய பள்ளிகளைத் திறந்தார். பள்ளியில்லாத ஊர்களில் பள்ளி வைத்தார். பள்ளி வந்தது; வாத்தியார் வந்தார்; கரும்பலகை வந்தது. பிள்ளைகள் மட்டும் வரவில்லை!

ஏன் வரவில்லை? தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாடு மேய்க்கும் பையனுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று இராது. பகலில் ஒரு வேளைக் கூழ். அறுவடையில் கொஞ்சம் தானியம். அந்த ஒரு வேளைக் கூழ்தான் அவனைப் பண்ணையோடு கட்டிய கயிறு. அவன் பண்ணையில் தின்றால் வீட்டில் ஒரு வாய் குறையும். அந்தக் கணக்கைப் போட்டுத்தான் தாய் அவனை அனுப்பினாள். அவளுக்குப் படிப்பின் அருமை தெரியாமல் இல்லை. நண்பகல் பசியின் கொடுமை அதைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. சுற்றுப்பயணத்தில் ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனைக் கண்டு காமராசர் வண்டியை நிறுத்தினார், பள்ளிக்கு வந்தால் சோறு கிடைக்குமா என்று அந்தப் பிள்ளை திருப்பிக் கேட்டான் என்று மேடைதோறும் சொல்வார்கள். ஊருக்கு ஊர் இடம் மாற்றிச் சொல்வார்கள். எந்த ஊராயிருந்தால் என்ன? அந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளை எல்லா ஊரிலும் இருந்தான். விருதுபட்டித் துணிக்கடையிலும் ஒருவன் இருந்தான் அல்லவா!

பள்ளியில் சோறு போடுவது தமிழ்நாட்டுக்கு முற்றிலும் புதிதன்று. 1920-இல் சென்னை மாநகராட்சித் தலைவராயிருந்த சர் பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் அதைத் தொடங்கினார். 1925-இல் வெள்ளை அரசு செலவைக் காட்டித் தடுத்துவிட்டது. அறுந்த அந்த நூலைக் காமராசர் எடுத்து முடிந்தார். கல்வித் துறை இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு துணை நின்றார். கையில் பணமில்லை என்ற பேச்சு எழுந்தது. மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு ஊர் ஊராய்ப் பிச்சையெடுக்கவும் தாம் தயார் என்று முதலமைச்சர் சொல்லிவிட்டார். 1956-இல் ஊராரின் உதவியைக் கொண்டே பகலுணவு தொடங்கிற்று. ஒருவர் அரிசி தந்தார். ஒருவர் விறகு தந்தார். ஒருவர் தோட்டத்துக் காயைத் தந்தார்.

இந்த முறை அவருக்கு எங்கிருந்து வந்தது? விருதுபட்டியின் பிடியரிசிக் கலயத்திலிருந்து வந்தது என்று நாம் சொல்லுவோம். ஒரு சாதியார் தம் பிள்ளைகளுக்கு ஒரே ஊரில் செய்ததை, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் நாடு முழுதும் செய்ய வேண்டும் என்று அவர் கண்டார். ஆனால் பிடியரிசியின் குறையும் அவருக்குத் தெரியும். ஊரார் மனமிரங்கினால் உண்டு. மழை பொய்த்தால் இல்லை. எனவே 1957 நவம்பர் முதல் அரசே முன்வந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்றால் அரசு ஆறு காசு; ஊர் நான்கு காசு. 1961 முதல் அமெரிக்காவின் கேர் நிறுவனம் பால் பொடியும் எண்ணெயும் தந்தது. ஊரின் கையும் அரசின் கையும் சேர்ந்து அடுப்பை மூட்டின.

அத்தோடு நிற்கவில்லை. சோறு கிடைத்தாலும் கிழிந்த துணியோடு வர வெட்கப்பட்ட பிள்ளைக்குச் சீருடை வந்தது. பள்ளிக்கு வேண்டிய பொருள்களை ஊராரே தருவதற்கான பள்ளிச் சீரமைப்பு மாநாடு 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிப் பல மாவட்டங்களுக்குப் பரவிற்று. ஆண்டுக்கு 1,200 ரூபாய்க்கு மேல் வருமானமில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளிச் சம்பளம் தள்ளப்பட்டது. 1962-இல் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவிப் பணம் வந்தது. இருபது ரூபாய்தானே என்று நினைக்கலாம். பேரப்பிள்ளையை வைத்துக் காப்பாற்றும் பாட்டியின் மடியில் விழுந்த இருபது ரூபாய் அது. பார்வதி அம்மையாரின் பேரன் அல்லவா கோப்பில் கையெழுத்திட்டவர்!

நமது நெய்வேலிக்குப் பக்கத்தில் வடலூர் இருக்கிறது. 1867-இல் வள்ளலார் அங்கே மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்தவன் தேடி வந்தால் அங்கே சோறு உண்டு. காமராசர் மூட்டியது, பசித்த பிள்ளை தன் ஊரில், தன் தாயின் பக்கத்தில் இருக்கும்போதே சோறு கிடைக்கச் செய்த அடுப்பு. பகலில் பள்ளியில் உண்டவன் மாலையில் தன் வீட்டுக்குத் திரும்புகிறான். இரவு தாயின் அருகில் படுக்கிறான். இந்த ஏற்பாட்டின் பெருமையே இதில்தான் இருக்கிறது.

தகப்பனுக்கு வேலை

பிள்ளைக்குச் சோறு போட்டால் மட்டும் குடும்பம் நிற்குமா? தகப்பனுக்கு வேலை வேண்டும். அதுவும் குடும்பத்தோடு இருந்து செய்யும் வேலை வேண்டும். நம் தென்னார்க்காட்டு மண்ணிலிருந்து இலங்கைத் தேயிலைக்கும் மலேயா ரப்பருக்கும் போனவர்களின் கதை வீட்டுக்கு வீடு உண்டு. போனவன் திரும்பியதும் உண்டு, திரும்பாததும் உண்டு.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஒன்று வந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று பின்னால் உறுதியாயிற்று. இதற்குப் பெரும் முதல் போட மத்திய அரசு தயங்கிய காலத்தில், சென்னை அரசு விடாமல் வற்புறுத்தியது. 1956 நவம்பர் 14-இல் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் மின்சாரம் வந்தது.

மின்சாரத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். நாம் நகரியத்தைப் பற்றிப் பேசுகிறோம். வட்டம் வட்டமாக வீடுகள், பள்ளிகள், மருத்துவமனை. முதல் ஷிப்டு முடிந்து மிதிவண்டியில் வரும் தகப்பன், பள்ளி விட்டு வரும் பிள்ளை, வாசலில் நிற்கும் தாய். மூவரும் ஒரே கூரையின்கீழ் இரவுச் சோறு உண்டார்கள். அதற்காகத் தங்கள் நிலத்தையும் ஊரையும் விட்டு எழுந்து போன குடும்பங்களை நாம் மறந்துவிடக் கூடாது. அவர்கள் கொடுத்த மண்ணில்தான் இந்த வீடுகள் நிற்கின்றன. அந்தக் கடன் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

வளைவுக்கு வெளியே

காமராசர் 1963 அக்டோபர் 2-இல் தாமாகவே முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். 1975-இல் அதே அக்டோபர் 2-இல், சென்னைத் தியாகராய நகரில் வாடகை வீட்டில் உயிர் நீத்தார். அவர் மூட்டிய அடுப்பு அவரோடு அணையவில்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெருக்கினார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15-இல் காலை உணவும் தொடங்கிற்று. ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின, அடுப்பு மட்டும் எரிகிறது. நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம்கூட 2020-இல் ஓய்ந்துவிட்டது. பள்ளி அடுப்பு ஓயவில்லை.

அப்படியானால் மந்தாரக்குப்பத்தில் அந்தத் தாய் ஏன் நிற்கிறாள்?

நகரியத்தின் வளைவுக்கு வெளியே ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளர் வாழ்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள வீடும் உறுதியும் அவர்களுக்கு இல்லை. 2020 மே மாதமும் சூலை மாதமும் இரண்டாம் அனல் நிலையத்தில் கொதிகலன் விபத்துகளில் மாண்டவர்களில் ஒப்பந்தத் தொழிலாளரும் இருந்தார்கள். ஒரு கூலி நின்றால் அந்த வீட்டில் பகலுணவு ஒன்றே மிஞ்சும். வாடகை யார் தருவது? மருந்துக்கு யார் தருவது? வட்டிக்காரன் வாசலில் நின்றால் யார் பதில் சொல்வது? அப்போதுதான் துணி மூட்டை கட்டப்படுகிறது. இல்லத்துக்குப் போகும் பையன் ஒருவன். பனியன் கம்பெனிக்குப் போகும் பெண் ஒருத்தி. முன்பணத்துக்காகக் கிடை ஆட்டோடு போகும் சிறுவன் இன்னொருவன்.

இல்லங்கள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. யாருமே இல்லாத பிள்ளைக்கு அவை வேண்டும். ஆனால் உலகில் பல நாடுகளில் அநாதை இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர்க்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை ஒன்றையே காரணமாக்கிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் அவை 2009-இல் நெறி வகுத்தது. நமது நாட்டின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும், இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது செய்யும் கடைசி ஏற்பாடு என்றே சொல்கிறது. இல்லத்தில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவைத் தாயின் கையில் கொடுத்தால் பிள்ளையும் வளரும், தாயும் வாழ்வாள்.

அதற்கு வழியும் இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கைம்பெண்ணான தாயோடு வாழும் ஏழைப் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி கேட்கலாம். கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேற்படாமல் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கும், ஒருவரை இழந்து மற்றவராலும் காப்பாற்ற முடியாத பிள்ளைக்கும் 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. கைம்பெண் உதவித் தொகை தனியே இருக்கிறது.

சட்டம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, பணமும் ஒதுக்கியிருக்கிறது. பேருந்துக்கு நிற்கும் தாய்க்கு மட்டும் இது தெரியாது. தெரிந்தாலும் இறப்புச் சான்று இல்லை, வருமானச் சான்று இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, தாலுகா அலுவலகத்துக்கு நாலு நாள் நடந்தால் நாலு நாள் கூலி போகும்.

தோழர்களே, இங்கேதான் நம் வேலை இருக்கிறது. சுவரொட்டி ஒட்டத் தெரிந்த நமக்கு ஒரு மனு எழுதத் தெரியாதா? வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்கும் நமக்கு, நம் கிளையில் இந்த ஆண்டு தகப்பனை இழந்த வீடுகள் எத்தனை என்று தெரிந்திருக்க வேண்டாமா? கிளைக்கு இருவர் போதும். அந்த வீட்டுக்குப் போங்கள். கடலூரில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு மனுவைக் கொண்டுபோங்கள். பணம் வந்து சேரும்வரை இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அந்த மாதங்களைக் கடத்தத் தொழிற்சங்கத்தில் ஒரு பிடியரிசிக் கலயம் வையுங்கள். நிரந்தரத் தொழிலாளி ஒரு நாள் தேநீர்க் காசைப் போட்டால் ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளை தன் தாயோடு இருப்பான்.

விருதுபட்டியார் யாருக்காகப் பிடியரிசி போடுகிறோம் என்று தெரியாமல்தான் போட்டார்கள். அந்தக் கலயத்திலிருந்து ஒரு முதலமைச்சர் வருவார் என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை. நாமும் கணக்குப் பார்க்க வேண்டாம். மந்தாரக்குப்பத்துப் பையன் முதலமைச்சராக வேண்டியதில்லை. இன்று மாலை பள்ளி விட்டதும் தன் வீட்டுக்குத் திரும்பினால் போதும்.

பேருந்து வருமுன் நாம் போய்ச் சேர வேண்டும்.